கடல்பாசி கேப்ஸ்யூல் ஈரலைக் காக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு ஊர் கீழக்கரை. தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 91 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. வயிற்றின் வலது பக்கம் கனமாக இருந்ததால் கம்பெனி இன்ஷூரன்ஸில் ஸ்கேன் எடுத்தேன். ‘ஃபேட்டி லிவர், கிரேடு 2’ என்று வந்தது. ரத்தத்தில் ஈரல் என்ஸைம்களான எஸ்.ஜி.பி.டி. 74, எஸ்.ஜி.ஓ.டி. 52, பிளேட்லெட் 2,30,000, மூன்று மாதச் சர்க்கரை 6.1. தைராய்டுக்குத் தினமும் 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். குடி, சிகரெட் கிடையாது. எங்கள் ரூமில் இருக்கும் நண்பர் ஒருவர் கடல்பாசியில் எடுத்த கேப்ஸ்யூல் என்று ஒன்றைச் சொல்கிறார். கடலில் கிடைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட், கொழுப்பால் வரும் கேட்டிலிருந்து ஈரல், கிட்னி, இதயம் மூன்றையும் காப்பாற்றும், ஆறு மாதம் சாப்பிட்டால் போதும் என்கிறார். ஒரு பாட்டில் 160 ரியால். எங்கள் ஊர்ப்பக்கம் பாசி எடுத்தே பிழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். நோன்பு மாதத்தில் வீட்டில் கடல்பாசி காய்ச்சாத நாளே கிடையாது. இயற்கைப் பொருள்தானே, வாங்கிச் சாப்பிடலாமா? இல்லை, மீன் சாப்பிட்டாலே போதுமா?

— கீழக்கரை வாசகர், தம்மாம்

பதில்: அந்த பாட்டிலை வாங்க வேண்டாம். பாசியில் சத்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மண்டபத்திலும் கொச்சியிலும் ஜப்பானின் ஹொக்கைடோவிலும் அதை ஆராய்வதற்கே தங்கள் உழைப்பைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஈரல் இன்று கேட்பது வேறு. அதோடு, தைராய்டு மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு அந்த கேப்ஸ்யூல் புதிதாக ஒரு தொல்லையையும் கொண்டுவரலாம்.

முதலில் உங்கள் ரிப்போர்ட். ‘கிரேடு 2’ என்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். ஈரலில் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த கிரேடு சொல்கிறது. வருங்காலத்தைத் தீர்மானிப்பது கொழுப்பைவிட ஈரலில் விழும் தழும்புதான். அதைக் கணிக்க ஃபிப்-4 என்று ஓர் எளிய கணக்கு உண்டு. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (உங்களுக்கு 230), அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அந்தத் தொகையால் முதல் தொகையை வகுக்க வேண்டும். உங்களுக்கு 1.1 வருகிறது. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. அதாவது நீங்கள் நல்ல நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். இப்போது உள்ள நிலையிலிருந்து ஈரல் முழுவதுமாகத் தேறி வர முடியும்.

ஆனால் எடையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் பி.எம்.ஐ. 32. இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்றுதான் கணக்கு. ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும்போதே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. கேடு செய்வது அந்த உள்வயிற்றுக் கொழுப்புதான்.

அது எப்படிக் கேடு செய்கிறது என்று தெரிந்தால்தான் உங்கள் நண்பர் சொல்வதில் எது உண்மை, எது மிகை என்று பிரித்துப் பார்க்க முடியும். கொழுப்பு செல் வீங்க வீங்க, அதற்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. ஆக்ஸிஜன் குறைந்து சில செல்கள் சாகின்றன. செத்த செல்லைத் தின்ன வெள்ளையணுக்கள் வந்து சுற்றி வளைத்துக்கொள்கின்றன. அவை விடும் வேதிப்பொருள்களால் ஓயாத ஓர் அழற்சி உண்டாகிறது. இன்னொரு பக்கம், அடங்காத கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து வரும் ரத்தக் குழாய் வழியாக நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரல் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அவற்றை எரித்து எரித்துத் திணறும்போது, பாதி எரிந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் கசிகின்றன. ஃப்ரீ ராடிக்கல் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவை இவைதான். அவை செல்லின் சுவரில் இருக்கும் கொழுப்பைச் சிக்கு பிடிக்க வைக்கின்றன. அந்தக் காயத்தை ஆற்றப் போன செல்கள் நாளடைவில் நார் நாராகத் தழும்பை நெய்துவிடுகின்றன.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்கு இந்தத் தாக்குதலைத் தடுக்கும் சொந்த என்ஸைம்கள் இயல்பிலேயே குறைவு. உங்கள் சர்க்கரை 6.1-க்கு வந்திருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. சிறுநீரகமோ பெருத்த உடம்புக்காக அளவுக்கு மீறி வடிகட்டி, தன் வடிகட்டிகளையே கெடுத்துக்கொள்கிறது. ஆக, ‘ஆக்ஸிஜனேற்றத்தால் உறுப்புகள் கெடுகின்றன’ என்று நண்பர் சொன்னது சரி. ‘அதைத் தடுக்கும் பொருள் கடலில் இருக்கிறது’ என்பதும் சரி. இந்த இரண்டு சரிகளிலிருந்து பாட்டிலுக்குப் போகும் பாதைதான் சரியில்லை.

கடலில் என்ன இருக்கிறது? முக்கியமாக இரண்டு நிறமிகள். ஒன்று ஃபுகோசாந்தின். பழுப்புப் பாசிகளில் நிறைய இருப்பது. உங்கள் ஊர்க் கடலில் கட்டக்கோரை என்றும் பகோடா பாசி என்றும் சொல்கிறார்களே, அந்த வகைகள். இரண்டாவது அஸ்டாசாந்தின். சில நுண்பாசிகள் தயாரிக்கும் செந்நிறம் இது. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக இறால், நண்டு, சால்மன் என்று ஏறிவருகிறது. பச்சை இறால் சாம்பல் நிறத்தில் இருந்து, சட்டியில் போட்டதும் சிவக்கிறதே, அதற்குக் காரணம் இதுதான். உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் இந்த நிறமியைக் கட்டி வைத்திருக்கிறது. சூட்டில் புரதம் அவிழ்ந்ததும் சிவப்பு வெளியே வருகிறது.

இவற்றோடு பழுப்புப் பாசியின் ஃபுகாய்டன் என்ற சர்க்கரைப் பொருளும், ஃப்ளோரோடானின் என்ற துவர்ப்புப் பொருள்களும் உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1947-ல் மண்டபம் முகாமில் தொடங்கி, 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் இன்றும் அதன் மையம் இருக்கிறது. அந்த நிலையம் பாசிச் சாறுகளிலிருந்து ‘கடல்மின்’ என்ற பெயரில் வரிசையாகப் பல பொருள்களை உருவாக்கியது. மூட்டுவலிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மிகைக் கொழுப்புக்கு ஒன்று; மது அருந்தாதவர்களுக்கு வரும் ஈரல் கொழுப்புக்கு ‘லிவ்க்யூர்’ என்று ஒன்று. மன்னார் வளைகுடாவில் கண்ணில் கண்ணாடி கட்டி முங்கி பாசி பறிக்கும் பெண்களின் உழைப்பு, அகார் ஆலைக்கும் ஆல்ஜினேட் ஆலைக்கும் மூலப்பொருளாக மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதில் மருந்துக்குரிய மதிப்பு இருக்கிறது என்று நம் நாட்டு அரசு ஆய்வகமே காட்டியதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்கள் நண்பர் தருவது இந்த வகையா, பேர் தெரியாத ஏதோ ஒரு தூளா என்பது வேறு கேள்வி. எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டியவை இவைதான்: எத்தனை மனிதர்களிடம் சோதித்தார்கள், எத்தனை மாதம், மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டார்களா, ஈரல் கொழுப்பை எதைக் கொண்டு அளந்தார்கள்?

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் கடல் நிறமிகளின் கதை சுருங்கிவிடுகிறது. 2005-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வகாமே என்ற பாசியின் ஃபுகோசாந்தினை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் வயிற்றுக் கொழுப்பு, சேமித்து வைப்பதை விட்டு வெப்பமாக எரியத் தொடங்கியது. அருமையான கண்டுபிடிப்பு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் பருமனான 151 பெண்களிடம் ஃபுகோசாந்தினும் மாதுளை விதை எண்ணெயும் கலந்த மாத்திரையை 16 வாரம் சோதித்தார்கள். எடை 5 கிலோவை ஒட்டிக் குறைந்தது, ஈரல் கொழுப்பும் குறைந்தது. ஆனால் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் தினம் 1,800 கலோரி என்று சாப்பாட்டையும் கட்டுப்படுத்தியிருந்தார்கள். குறைந்ததில் பாசியின் பங்கு எவ்வளவு, மாதுளையின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்விலிருந்து பிரிக்க முடியாது. எலிக்குக் கிடைத்த பலன் மனிதனுக்கு அப்படியே கிடைக்காது; எலிக்கு உடம்பில் வெப்பமாக எரியும் கொழுப்பு நிறைய. வளர்ந்த மனிதனுக்கு அது சொற்பம். குடலில் இந்த நிறமி ஏறுவதும் கொஞ்சம்தான்.

அஸ்டாசாந்தினுக்கும் இதே நிலைதான். 2010-ல் ஜப்பானில் ட்ரைகிளிசரைடு சற்றுக் கூடிய 61 பேர் 12 வாரம் சாப்பிட்டதில் நல்ல கொழுப்பு கூடியது. பருமனானவர்களிடம் கொரியாவில் நடந்த சிறிய ஆய்வில் ரத்தத்தில் ஆக்ஸிஜனேற்றக் குறியீடுகள் குறைந்தன. குறியீடு குறைவது நல்ல சகுனம். ஆனால் அதனால் ஈரல் தழும்பு விழாமல் நின்றது, மாரடைப்பு குறைந்தது என்று காட்ட ஆயிரக்கணக்கானோரை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும். அந்த அளவுச் சான்று கடல் நிறமிகளுக்கு இல்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் விஷயத்தில் மருத்துவ உலகம் ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன். காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அதுவும் இயற்கையில் கிடைக்கும் நிறமிதான், அஸ்டாசாந்தினுக்கு நெருங்கிய சொந்தம்தான். வைட்டமின் இ-யைத் தனியாகச் சாப்பிட்ட ஆண்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று 2011-ல் காட்டியது. அதே வைட்டமின் இ, 2010-ல் இன்னொரு ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத ஈரல் அழற்சிக்காரர்களிடம் நல்ல பலன் தந்தது. யாருக்கு, எந்த நிலையில் என்பதைப் பொறுத்து ஒரே பொருள் மருந்தாகவும் கேடாகவும் மாறுகிறது.

உங்களுக்கு மிகவும் பொருந்துவது 2009-ல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வு. இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்களில் பாதிப் பேருக்கு வைட்டமின் சி-யும் இ-யும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. சாப்பிட்டவர்களுக்கு உடற்பயிற்சியின் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நடக்கும்போது தசையில் உண்டாகும் கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்தான், ‘உன் சொந்தப் பாதுகாப்பை எழுப்பு’ என்று உடம்புக்குச் சொல்லும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை வாயடைத்துவிட்டது.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு இன்னொன்று. பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து அயோடினை உறிஞ்சிச் சேர்ப்பவை. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். பாசித் தூளில் இது எவ்வளவு இருக்கும் என்பது வகைக்கு வகை, அறுவடைக்கு அறுவடை பல மடங்கு மாறும். சுரப்பி ஏற்கெனவே மந்தமாக இருக்கும்போது அளவு மீறிய அயோடின் அதை இன்னும் மந்தமாக்கும். தைராய்டு மந்தமானால் எடை கூடும், ஈரலிலும் கொழுப்பு கூடும். எதைத் தடுக்க நினைத்துச் சாப்பிடுகிறீர்களோ அதையே வரவழைத்துக்கொள்வீர்கள். இதே பாசிகள் ஆர்செனிக்கையும் கன உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே, ஜுபைல் பக்கம் கரையில் ஒதுங்கும் பாசியை நாமே எடுத்துக் காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் யாராவது உங்கள் அறையில் இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்: ஃபுகாய்டனுக்கும் ரத்தத்தை இளக்கும் குணம் உண்டு. சப்ளிமென்ட் எதுவானாலும், சவூதி உணவு மருந்து ஆணையத்தில் பதிவானதா என்று பாருங்கள். பையில் வைத்து ஊரிலிருந்து வந்ததா, லேபிளில் ஒரு கேப்ஸ்யூலில் எவ்வளவு மில்லிகிராம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் மருந்தால் ஈரல் கெட்டவர்களைப் பதிவு செய்யும் ஆய்வுக் குழுவில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காரணம் மூலிகையும் சப்ளிமென்டும்தான்.

நோன்பு திறக்கக் காய்ச்சும் கடல்பாசி பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது அகார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி போன்ற சிவப்புப் பாசிகளைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, வெளுத்து எடுப்பது. சிவப்புப் பாசியில் ஃபுகோசாந்தின் கிடையாது. இருக்கிற மற்ற நிறங்களும் ஆலையிலேயே போய்விடுகின்றன. மிஞ்சுவது நார்ச்சத்து மட்டும். அதுவும் நல்லதுதான், வயிறு நிறையும், சர்க்கரை மெதுவாக ஏறும். ஆனால் நாம் அதில் பாலையும் சீனியையும் ரோஸ் சிரப்பையும் கொட்டிக் காய்ச்சுகிறோம். இந்த ரமலானில் சீனியைக் கால்வாசியாக்கி, இளநீரிலோ கொழுப்பு நீக்கிய பாலிலோ காய்ச்சிப் பாருங்கள்.

இனி மீன். இங்கேதான் கடல் உங்களுக்கு உண்மையாகவே உதவும். நீங்கள் இருக்கும் இடமும் அதற்குத் தோதானது. பக்கத்திலேயே கத்தீஃப், வளைகுடாவின் பழைய, பெரிய மீன் சந்தைகளில் ஒன்று. ஹமூர், கனஅத் என்று விலை கூடிய மீன்களைத் தேட வேண்டியதில்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் போதும். ஒமேகா-3 கொழுப்பும், உடம்பின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்ஸைமுக்கு வேண்டிய செலினியமும், நல்ல புரதமும் அவற்றில் சேர்ந்தே இருக்கின்றன. சிறிய மீன் என்பதால் பாதரசமும் குறைவு. வாரம் இரண்டு மூன்று நாள் போதும். ஷேரி என்று அங்கே சொல்வது நம் விளைமீன், ஸாஃபி என்பது பாசி மேயும் ஓரா. இவற்றில் கொழுப்பு குறைவு, சாப்பாட்டுக்கு இதம். மீன்கடையில் வாங்கி அங்கேயே சமைத்து வாங்கும்போது ‘மக்லி’ (பொரித்தது) வேண்டாம், ‘மஷ்வி’ (சுட்டது) என்று சொல்லுங்கள். எண்ணெயில் முழுகப் பொரித்தால் மீனின் நல்ல கொழுப்பு வெளியேறி, சட்டி எண்ணெய் உள்ளே வருகிறது. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை உள்ளூர் இறால் வரும், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் செந்நிறமியில் பெரும்பங்கு ஓட்டில்தான் இருக்கிறது, சதையில் கொஞ்சம்தான்.

ஊரிலிருந்து வரும் கருவாட்டை மாதம் ஒரு முறை ஆசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஒரு காரணம். வெயிலில் காயும்போது மீனின் நல்ல கொழுப்பே ஆக்ஸிஜனேறிக் கெட்டுவிடுவது இன்னொரு காரணம். யூரிக் அமிலம் கூடியிருந்தால் மத்தியையும் இறாலையும் குறைக்க வேண்டும். அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மீன் சாப்பிட்டாலே போதுமா என்றால், எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வியாழன் இரவு மந்திச் சோறு, வெள்ளி புரோஸ்ட் கோழி, மற்ற நாளில் மெஸ் பரோட்டா, அதற்கு மேல் மீன் வறுவல் என்றால் ஒரு பயனும் இல்லை. ஓட்டை விழுந்த வள்ளத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட் செய்யும் வேலை. ஓட்டையை அடைப்பது சாப்பாடும் நடையும்தான். முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை குளிர்பானம். அதில் இருக்கும் ஃப்ரக்டோஸை ஈரல்தான் கையாள வேண்டும். மிஞ்சுவதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரு கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை. நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டரை கிலோவுக்கு மேல். சவூதி அரசு 2017-ல் இதற்கு 50 சதவீத வரி போட்டதே மக்கள் உடம்பை நினைத்துத்தான். தாகத்துக்குத் தண்ணீரும் உப்பில்லாத லபன் மோரும் போதும். சோற்றையோ குப்பூஸையோ இப்போது சாப்பிடுவதில் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பும் காய்கறியும் வையுங்கள்.

இலக்கு பெரிதல்ல. எடையில் 5 சதவீதம், அதாவது நாலரை கிலோ குறைந்தாலே ஈரலில் கொழுப்பு வடிகிறது. 7 முதல் 10 சதவீதம், அதாவது ஆறரை முதல் ஒன்பது கிலோ குறைந்தால் அழற்சி அடங்குகிறது, லேசான தழும்பும் கரைகிறது. ஆறு மாதத்தில் இதைச் செய்ய முடியும். கோடையில் பகல் நடை வேண்டவே வேண்டாம். வெயிலில் வேலை செய்யக்கூடாது என்று அரசே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 மணி வரை தடை போடும் ஊர் அது. இஷா தொழுகைக்குப் பிறகு கோர்னிஷிலோ, ஏ.சி. உள்ள மாலிலோ அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடங்கள். குனிந்து நிமிர்ந்து மூட்டை தூக்குகிற வேலை ஸ்டோரில் இருந்தால் அதை இளைஞர்களிடம் முழுக்க விட்டுவிடாதீர்கள். தசை சர்க்கரையை எரிக்கும்.

160 ரியாலில் வேறு ஒன்று செய்யலாம். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம், யூரிக் அமிலம், கொழுப்பு அளவுகள் ஆகியவற்றைப் பாருங்கள். இன்ஷூரன்ஸில் வந்தால் இன்னும் நல்லது. டி.எஸ்.எச். கூடியிருந்தால் 50 மைக்ரோகிராம் போதவில்லை என்று பொருளாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எடையோடு போராடுவது வீண் சிரமம். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், டீக்கு முன் அரை மணி நேரம் விட்டுச் சாப்பிடுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரை எதுவும் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து எஸ்.ஜி.பி.டி., எடை, இடுப்பு அளவு மூன்றையும் மறுபடி பாருங்கள். எடை குறைந்தும் எஸ்.ஜி.பி.டி. இறங்கவில்லையென்றால் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்து ஈரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இப்போது ஈரல் அழற்சிக்கே மருந்துகள் வந்துவிட்டன. ரெஸ்மெடிரோமை 2024-லும், செமக்ளூடைடை 2025-லும் அமெரிக்க மருந்து நிர்வாகம் தழும்பு விழுந்த ஈரலுக்கு ஒப்புக்கொண்டது. உங்கள் ஃபிப்-4 அளவுக்கு அவை இன்று தேவைப்படாது.